குட்டிச் சங்கு

நுழைவுச் சீட்டு வாங்கியவர்களுக்கெல்லாம் மணிக்கட்டில் பச்சை நிறக் காகிதப் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். சங்குக்காரர், ரத்தப் பரிசோதனைக்குக் கையைக் கொடுப்பதுபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். பின்னால் நின்ற அவர் மனைவிக்கு, இருந்த கலக்கத்திலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஒரு காலத்தில் இதே வாசலில் அடையாள அட்டையைக் கேட்ட புதுக் காவலாளியிடம், "ராத்திரி உன் வீட்டுல லைட் எரிஞ்சுதா இல்லையா? அதான் என் அட்டை" என்று சொல்லிவிட்டு உள்ளே போன மனுஷன். இன்றைக்குப் பட்டை இறுக்குகிறதா என்று கேட்ட பெண்ணிடம், இல்லை, சரியாக இருக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பதில் சொன்னார்.

இந்த நீர்மின் நிலையத்தில் அவர் ஷிப்ட் ஆபரேட்டராக இருந்தவர். மலைமேலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் டர்பைனைச் சுற்றிவிட்டு, கட்டடத்தின் அடியிலிருந்து ஆற்றில் பாயும். மெஷின் நிற்கிற நேரத்தில் ஆற்றில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இருக்காது. கல்லுக்குக் கல் தாவி அக்கரைக்குப் போய்விடலாம். மெஷின் ஓட ஆரம்பித்தால் சற்று நேரத்தில் ஆள் உயரத்துக்கு வந்துவிடும். அதனால் மெஷினைக் கிளப்புவதற்கு முன்னால் சங்கு ஊத வேண்டும் என்பது விதி. சங்கு என்பது கூரைமேல் இருந்த பெரிய இரும்புக் கொம்பு. அதற்குக் காற்றை அனுப்ப, கன்ட்ரோல் ரூமில் ஒரு பித்தளைப் பிடி தொங்கும். மற்ற ஆபரேட்டர்கள் கடமைக்கு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவர் கை கடுக்கிறவரை விடமாட்டார். ஆற்றில் துணி துவைத்தவர்கள் கரையேறி நின்று, போதும்யா சங்குக்காரா, காது கிழிகிறது என்று கத்துவார்கள். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சம்பளம் கொடுக்கிற குமாஸ்தாகூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்.

அப்படி ஊதியும்தான் அவர்களுடைய ஒரே மகள் ஆற்றோடு போனாள். ஏழு வயசு.

விசாரணையில், சங்கு முறைப்படி ஊதப்பட்டது, குழந்தைதான் கவனிக்கவில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். சங்குக்காரர் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கொம்பின் வாய் மலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது, சத்தம் ஆற்றுப் பக்கம் இறங்கவே இல்லை, கேட்டிருந்தால் என் பெண் ஏறியிருப்பாள் என்பது அவர் கட்சி. வேறு ஊருக்கு மாற்றல் ஆன பிறகும், பணி ஓய்வு பெற்ற பிறகும், அந்தக் கொம்பின் வாயைப் பற்றி அவர் எழுதாத அதிகாரி இல்லை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு அது ஒரு பிடிப்பு. ஒரு மனுஷன் உயிரோடு இருக்க எதையாவது பிடித்துக்கொண்டுதானே ஆக வேண்டும். அவர் அந்தக் கொம்பைப் பிடித்துக்கொண்டார். மனைவி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கீழே புது மின்நிலையம் கட்டினார்கள். பழையதை மூடினார்கள். பல வருஷம் வௌவால் குடியிருந்த கட்டடத்தைச் சுத்தப்படுத்தி, பெயின்ட் அடித்து, மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். பழைய கொம்பை அதே இடத்தில் அப்படியே வைத்திருக்கிறார்கள், வருகிறவர்கள் இழுத்துப் பார்க்கலாம் என்று பத்திரிகையில் படம் போட்டிருந்தது. அன்றிலிருந்து சங்குக்காரர் வீட்டில் வேறு பேச்சு இல்லை. ஒரே ஒரு தடவை போய் இழுத்துப் பார்த்துவிட வேண்டும். அவர் மேலே இழுக்க, ஒரு ஆள் கீழே பாப்பா நின்ற இடத்தில் நின்று, கேட்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவள் மூட்டு வலி என்றாள், வெயில் என்றாள், மழை என்றாள். கடைசியில் அவர், நீ வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர்.

உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. ஜெனரேட்டர்களுக்குப் புதுப் பச்சை அடித்து, ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ள மரப்படி போட்டிருந்தார்கள். பேட்டரி அறை கழிப்பறை ஆகியிருந்தது. உதிரிப் பாகங்கள் வைத்திருந்த ஸ்டோர் இப்போது காபிக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடி ரப்பர் கையுறையை விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். மெஷின் ஓடிய காலத்தில் பல்லுக்குள்ளேயே ஒரு நடுக்கம் இருக்கும். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாலும் அவருக்கு அது போகாது, கொஞ்ச நேரம் கத்தித்தான் பேசுவார். இப்போது அந்தக் கூடத்தில் செருப்புச் சத்தம் எதிரொலித்தது. சுற்றிக் காட்டிய பெண் சின்னவள், நன்றாகப் பேசினாள். சங்குக்காரர் குறுக்கே பேசி அவளைத் திணறடிப்பாரோ என்று மனைவி பயந்துகொண்டே வந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். அவர் கண் மட்டும் மாடிப்படியிலேயே இருந்தது.

கன்ட்ரோல் ரூம் மேல்மாடியில், ஆற்றைப் பார்த்த பெரிய சன்னலோடு இருந்தது. வரிசையாக மீட்டர்கள், எல்லா முள்ளும் பூஜ்யத்தில். பித்தளைப் பிடியைத் தேய்த்துத் தங்கமாக வைத்திருந்தார்கள். அதை இழுக்க ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். சங்குக்காரர் அந்தப் பெண்ணிடம் போய், நான் இங்கே வேலை பார்த்தவன், என் மனைவி கீழே போய்ச் சேருகிறவரை கொஞ்சம் பொறுக்க முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண் முகம் மலர்ந்து, வரிசையில் நின்றவர்களிடமும் சொல்லிவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். மனைவி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"கேட்டுதுன்னா குடையை விரி. கேக்கலன்னா அப்படியே வச்சிரு" என்றார் அவர். "எனக்காகச் சொல்லாத. உள்ளதைச் சொல்லு."

"சரிங்க" என்றாள்.

கீழே இறங்க இப்போது கைப்பிடி வைத்த படிகள் இருந்தன. ஆற்றைத் தாண்ட ஒரு தொங்குபாலம் போட்டிருந்தார்கள். நடந்தால் ஆடும், அதற்கென்றே பிள்ளைகள் அதில் குதித்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஆறு வெறும் கல்லாகக் கிடந்தது. தண்ணீரையெல்லாம் புது நிலையம் எடுத்துக்கொள்கிறது. அக்கரையில் ஊழியர் குடியிருப்பு இருந்த இடம் கார் நிறுத்துமிடம் ஆகியிருந்தது. அவர்கள் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கரையில் அந்த அகலமான படிக்கல் மட்டும் அசையாமல் இருந்தது. அதை வைத்து அளந்து, அடுப்படி சன்னல் இங்கேதான் இருந்தது என்று ஒரு வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் படிக்கல்லும், ஆற்றைத் தாண்டும் கல்வரிசையும் அப்படியே தெரிந்தன.

அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக அதை அவள் அவருக்குச் சொல்லவில்லை.

ஷிப்ட் முடிகிற நேரத்துக்கும் ஒரு சங்கு உண்டு. அதை ஊதி முடித்ததும் அவர் பிடியை இன்னொரு தடவை லேசாகச் சுண்டிவிடுவார். 'உப்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அது விதியில் இல்லாதது. மகளுக்காக அவர் கண்டுபிடித்தது. அவர்கள் வீட்டில் அதற்குக் குட்டிச் சங்கு என்று பெயர். ஆறு காலியாக இருக்கிறது, கல்வரிசையில் தாவி வந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அவர் தூரத்துச் சாலைப் பாலம் சுற்றித்தான் வர வேண்டும், அன்றைக்குக் குட்டிச் சங்கு கிடையாது. அது கேட்டதும் பாப்பா எங்கே இருந்தாலும் ஓடிப்போய் நடு ஆற்றுக் கல்லில் நின்றுகொள்வாள். அங்கிருந்து அப்பாவின் தோளில் ஏறி வர வேண்டும், அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. அடுப்படியில் இவள் பாலை அடுப்பில் வைப்பாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது காபி தயாராக இருக்கும்.

அன்றைக்கு ஷிப்ட் முடிய நிறைய நேரம் இருந்தது. எங்கேயோ வேறொரு நிலையம் திடீரென்று நின்றுபோய், உடனே மெஷினைக் கிளப்பச் சொல்லித் தொலைபேசி வந்திருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. பெரிய சங்கு ஊதியது. பாப்பா ஆற்றில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சன்னல் வழியாக இவள் பார்த்தாள். பாப்பா நல்ல பிள்ளையாக எழுந்து, பாவாடையில் கல்லைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கரையேறினாள். படிக்கல்லில் வந்து நின்றாள். இவளுக்கு நிம்மதி ஆயிற்று. சங்கு நின்றது. நின்றதும், 'உப்' என்றது. அவசரத்தில் இழுத்தவருக்குத் தெரியவில்லை, விரல் தன் பாட்டுக்கு வழக்கத்தைச் செய்துவிட்டது. இவளும் அன்றைக்கு நேரம் பார்க்கவில்லை. அட, சீக்கிரம் வருகிறாரே என்றுதான் நினைத்தாள். திரும்பிப் பாலை எடுத்து அடுப்பில் வைத்தாள். அந்தத் திரும்பின நேரம்தான்.

பிறகு எல்லோரும் கேட்டார்கள், நீ பார்க்கவில்லையா என்று. பார்க்கவில்லை என்று சொன்னாள். பார்த்தேன் என்றால், ஏறிய பிள்ளை ஏன் மறுபடி இறங்கினாள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. அதைக் கேட்டால் அவர் அன்றைக்கே கயிற்றைத் தேடியிருப்பார். மகளைக் கொடுத்தாயிற்று, இவரையும் கொடுக்க அவளால் ஆகாது. அதனால் கொம்பின் வாய் மலையைப் பார்த்திருந்தது என்று அவர் சொன்னபோதெல்லாம், ஆமாங்க, அப்படித்தான் இருக்கும் என்று கூடவே சொன்னாள். சொல்லிச் சொல்லி, சில நாள் அவளே அதை நம்பினாள்.

இப்போது கரைக்கு இறங்கி, படிக்கல்லில் நின்று, மடித்த குடையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். விரிக்கப் போவதில்லை. கேட்கவில்லை என்பதை அவருக்குக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். இத்தனை வருஷம் சொன்னது சரியாகப் போயிற்று என்று அவர் ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கட்டும். மேலே சன்னலில் அவருடைய வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவர் கையை உயர்த்திக் காட்டினார். அவளும் காட்டினாள்.

சங்கு ஊதியது.

காது மட்டுமா, அடிவயிறு வரைக்கும் இறங்கியது அந்தச் சத்தம். கார்களுக்கு நடுவே நின்ற நாய் ஊளையிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த குடும்பம் மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டது. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. பாலத்தில் குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்து காதை அடைத்துக்கொண்டார்கள். கரை நெடுக எல்லோரும் காதைப் பொத்தி நிற்க, அவள் ஒருத்தி மட்டும் குடையை மடித்தபடி, ஒன்றும் கேட்காதவள் மாதிரி நின்றாள். மேலேயிருந்து பார்க்கிறவருக்கு இது எப்படித் தெரியும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருக்கு ஒரு கண்ணில் பார்வை மட்டு. தெரியாமல் இருக்கட்டும், தெரியாமல் இருக்கட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே, குடையை இன்னும் இறுக்கினாள். அவர் நிறுத்தவே இல்லை. அந்தக் காலம் மாதிரியே கை கடுக்கிறவரை இழுத்தார். கடைசியில் நின்றது.

நின்றதும், 'உப்' என்றது.

அவளுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. கால் தானாகப் படிக்கல்லை விட்டு ஒரு அடி வீட்டுப் பக்கம் திரும்பியது. அங்கே வெள்ளைக் கார் நின்றது. திரும்பிச் சன்னலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

அவர் பாலத்தில் வர வெகுநேரம் ஆயிற்று. பிள்ளைகள் அவருக்காகக் குதிப்பதை நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கினார்கள். வந்து, அவள் பக்கத்தில் படிக்கல்லில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. கேட்டதா என்று அவர் கேட்கவில்லை. அவள்தான் முந்திக்கொண்டாள். காற்று அந்தப் பக்கமாக அடித்தது, சரியாகக் காதில் விழவில்லை என்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"சுத்திக் காட்டுன பொண்ணு கேட்டுது" என்றார். "கடைசியில எதுக்கு சார் சின்னதா ஒண்ணு இழுத்தீங்கன்னு."

அவள் குடையின் வாரைச் சுற்றிக் கட்டினாள்.

"நான் இழுக்கலயேம்மான்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தர் போன்ல படம் எடுத்திருந்தாரு, போட்டுக் காட்டுனாரு. என் கைதான்."

அந்தக் கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தார். பச்சைப் பட்டை இன்னும் மணிக்கட்டில் இருந்தது. பிறகு, யாரோ வேறு ஒருவருடைய வீட்டு விஷயத்தை விசாரிப்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு பாப்பாவத் தூக்கிட்டு உள்ள வந்தப்ப அடுப்படியெல்லாம் பால் பொங்கித் தீஞ்ச வாசனை. இத்தன வருஷம் அது எனக்கு மூக்குலயே இருக்கு. ஆனா இப்பதான் கேக்கத் தோணுது. நான் வர நேரமே ஆகல. எதுக்குப் பால வச்ச?"

பொய் சொல்ல அவளுக்கு எவ்வளவோ இருந்தது. பூனை வரும் என்று முன்னாலேயே காய்ச்சி வைத்தேன், பாப்பா கேட்டாள், எனக்குத் தலைவலி, காபி குடிக்கத் தோன்றியது. ஒவ்வொன்றும் வாய்வரை வந்தது. இத்தனை வருஷம் அவருக்காகச் சுமந்ததைக் கடைசிக் காலத்தில் அவர் கையில் வைப்பதா என்று தயங்கினாள். ஆனால் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் வரவில்லை.

"நீங்க வர்றீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரி ஆட்டினார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"பாப்பா மாதிரி நீயுமா" என்றார்.

அவள் அழுதாள். அவர் தோளில் கை வைக்கலாமா, அதற்கு இனித் தனக்குப் பாத்தியதை உண்டா என்று தெரியாமல் கையை நடுவிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இருந்த குடும்பம் தின்று முடித்துப் பையைச் சுருட்டியது. அவர்களுடைய பிள்ளைகள் ஆற்றுக்குள் இறங்கிக் கல்லுக்குக் கல் தாவ ஆரம்பித்தார்கள்.

மேலே வரிசையில் நின்ற அடுத்த ஆளுக்கு முறை வந்திருக்க வேண்டும். சங்கு மறுபடி ஊதியது.

சங்குக்காரர் விருட்டென்று எழுந்தார். முட்டி வலிக்காரர் அப்படி எழுந்து அவள் பார்த்ததே இல்லை. படிக்கல்லிலிருந்து நேராக ஆற்றுக்குள் இறங்கி, கற்களில் தடுமாறிக்கொண்டே பிள்ளைகளை நோக்கிப் போனார். ஏறுங்க, மேல ஏறுங்க என்று கத்தினார். சங்குச் சத்தத்தில் அவர் குரல் எடுபடவில்லை, வாய் மட்டும் திறந்து மூடியது. பிள்ளைகள் இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிரித்தார்கள். பாலத்தின் மேல் நின்ற ஒருவர் போனை உயர்த்தினார். ஆற்றில் தண்ணீர் இல்லைங்க, இனிமே வராதுங்க என்று சொல்லத்தான் அவளும் பின்னால் இறங்கினாள். இறங்கியவள், பாதி தூரத்தில், அவரோடு சேர்ந்து தானும் கையை வீசி, ஏறுங்கப்பா, சீக்கிரம் ஏறுங்க என்று கத்திக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளில் பெரியவர்கள் இரண்டு பேரும் கரையேறி ஓடினார்கள். கடைசிச் சின்னவள் மட்டும் நடுக் கல்லிலேயே நின்று, தண்ணி வருமா தாத்தா என்று கேட்டாள். வரும் என்றார் அவர். அவள் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு கல்லாகக் கால் வைக்கச் சொல்லி, கரைக்குக் கூட்டி வந்தார். படிக்கல்லில் ஏற்றி நிறுத்தினார். குழந்தையின் அம்மா, நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று தெரியாமல், கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

சங்கு நின்றது. அவர் குழந்தையின் கையை விடாமல், 'உப்' வந்துவிடுமோ என்று இன்னும் கொஞ்சம் காத்துக்கொண்டிருந்தார்.